நாற்பது வோல்ட் கேட்ட இடம்

இப்போது ரிப்பேர் வேலை கற்கிற நீங்கள் கெபாசிட்டர் என்கிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சிக் கடைகளில் அதற்குக் கண்டன்சர் என்று பேர். நான் கண்டன்சர் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வருஷம் சொன்ன வாய் இனிமேல் மாறாது.

கண்டன்சரை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு கால், இரண்டு சொட்டு ஈயம். கெட்டுப்போனதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போடுவது என்று முடிவு செய்வதுதான் வேலை. அதன் உடம்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அது எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பது. மற்றது எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பது. முதல் எண்ணில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். இரண்டாவதில் மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. இதை ஐ.டி.ஐ.யில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். ரேடியோ டி.வி. பிரிவில் நாங்கள் மூன்று பெண்கள். மூன்று பேரும் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம்.

மார்க் வாங்கிய நானே வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் கீழே இறங்கினேன். எங்கள் பங்குக் கோயிலின் ஆம்ப்ளிஃபயர் அது. முப்பத்தைந்து வோல்ட் கண்டன்சர் போட வேண்டிய இடம். கையில் இருந்தது இருபத்தைந்து. மீட்டரை வைத்துப் பார்த்தேன், இருபத்து நான்குதான் காட்டியது. ஒரு வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். பெரிய வெள்ளி மதியம், கோயில் முழுக்க முழங்காலில் நிற்கிறது, ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அப்போது வெடித்தது. ஊசிப் பட்டாசு இல்லை, அணுகுண்டு வெடி. பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் புகை, அழுகின மீன் வாடை. சாமியார் வாசிப்பை நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த என் அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் நினைத்தது இதுதான்: நான் அளந்தது நான் வேலை பார்த்த கடையில் வந்த மின்சாரத்தை. அது வேலை செய்ய வேண்டியிருந்தது கோயிலில்.

அந்தப் புத்தி எனக்கு உதவிய ஒரு நாளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சென்னையிலிருந்து பார்சல் இல்லை. கடைகள் பாதிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வியாபாரம் செய்தன. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களின் ஏக்கம் எனக்குப் புரியாததல்ல. அந்த நாட்களில் குடிசை எரிந்துபோய் நின்றவர்களின் பயமும் புரியாததல்ல. எங்கள் தெருவிலேயே இரண்டு வகை ஆட்களும் இருந்தார்கள். யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை.

மறியலின் நான்காம் நாள் காலையில் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தலையில் கோணிச் சாக்கு மூட்டை, காலெல்லாம் புழுதி. பேர் சடையன். கல்வராயன் மலைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். முந்தின நாள் விடியற்காலையில் புறப்பட்டு, ஒற்றையடிப் பாதையில் மலை இறங்கி, கச்சிராயபாளையத்தில் தங்கி, மீதித் தூரத்தையும் நடந்தே வந்திருக்கிறார்.

சாக்கைப் பிரித்தார். உள்ளே பிஸ்கட் டின் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. மலை ஆஸ்பத்திரியில் ஒரு ஒயர்லெஸ் கருவி இருந்தது. அதை வைத்துத்தான் கீழே இருக்கும் பெரிய டாக்டரோடு பேசுவார்கள். அங்கே டெலிபோன் கிடையாது. அந்தக் கருவிக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி இது. சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினார்.

சீட்டில் நாலு வரி. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பேர் பொன்னி, கைகால் வீங்கி வந்திருக்கிறாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. டாக்டரிடம் பேச வேண்டும். ஆஸ்பத்திரி ஜீப் மருந்து வாங்கக் கீழே போனது, மறியலில் மாட்டிக்கொண்டது. கருவிக்கு மாற்றாகக் கொடுக்கக்கூடிய அதன் பேட்டரியும் அதோடு போய்விட்டது. தயவுசெய்து இன்றே.

“அந்தப் பொண்ணு எப்டி கீது?” என்று கேட்டேன்.

“நான் வரச்சொல்ல பேசிக்கினுதான் இருந்துச்சி. கண்ணு மட்டும் மங்கலா தெரியுதுன்னுச்சி” என்றார். சொல்லிவிட்டு உட்காரச் சொன்ன ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

பெட்டியைத் திறந்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. பெரிய கண்டன்சர் வயிறு ஊதி, அடியில் கசிந்து காய்ந்திருந்தது. 4700 மைக்ரோ ஃபாரட், 40 வோல்ட். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. டிராயரைத் திறந்தால் 4700இல் ஆறு கிடந்தன. ஆறும் இருபத்தைந்து வோல்ட்.

என் முதலாளி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரக்காரர்.

“எவ்ளோம்மா வருது உள்ள?”

“இருபத்திரண்டு, இருபத்திமூணு சார்.”

“அப்புறம் இன்னா? இருபத்தஞ்சு போட்டுக் குடுத்து அனுப்பு. மனுஷன் இருட்டறதுக்குள்ள மலையேறணும் இல்ல?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவசரம் நிஜமான அவசரம். ஒரு கண்டன்சரை எடுத்துக் காலைக்கூட வளைத்துவிட்டேன். அப்புறம் கை நின்றது. சடையனிடம் திரும்பிக் கேட்டேன்.

“உங்க ஊர்ல பல்பு எப்டி எரியுது?”

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று புரியவில்லை. பொட்டியைக் கேட்டால் இவள் பல்பைக் கேட்கிறாளே என்று பார்த்தார்.

“முன்னெல்லாம் பொழுது சாஞ்சா சிகப்பாதான் எரியும், மண்ணெண்ண வெளக்காட்டம். மறியல் தொடங்குன நாள்லேர்ந்து ரொம்ப ஜாஸ்தி. பாக்கவே கண்ணு கூசுது. ரெண்டு பல்பு டப்புனு பூட்ச்சி.”

எனக்கு வேண்டிய பதில் அதுதான். மறியலால் கீழே கரும்பாலை ஓடவில்லை, அரிசி மில்கள் ஓடவில்லை. எங்கள் கடைக்குப் பகலில் இருநூறு வோல்ட்தான் வந்துகொண்டிருந்தது, கிணற்று மோட்டார்கள் ஓடுகிற நேரம். சாயங்காலம் அவையும் நின்றுவிட்டால் கரண்டை இழுக்க ஆளில்லை. லைனில் வோல்டேஜ் ஏறிப்போய் நிற்கும். பல்பு வெடிக்கிற அளவுக்கு ஏறினால் இருநூற்றறுபதைத் தொட்டிருக்க வேண்டும்.

முதலாளிக்கு வாயால் சொல்லவில்லை. இருபத்தைந்து வோல்ட் கண்டன்சர் இரண்டைத் தொடராகச் சேர்த்து, ஐம்பது வோல்ட் தாங்கும்படி பெட்டிக்கு வெளியே தற்காலிகமாகப் பிடித்தேன். கடையில் வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் வேரியாக் ஒன்று இருந்தது. அதை மெதுவாகத் திருப்பினேன். இருநூற்று இருபதில் மீட்டர் முள் இருபத்தைந்தைத் தொட்டது. இருநூற்றறுபதில் முப்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

முதலாளி முள்ளையே பார்த்தார். “அப்ப இன்னாதான் பண்ணப் போற?” என்றார்.

அதேபோல நாலு கண்டன்சரை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டால் 4700, ஐம்பது வோல்ட் என்று கணக்கு சரியாக வரும். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலும் அடங்காது. வெளியே கம்பி இழுத்துத் தொங்கவிட வேண்டும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் மலையேறுவார், கல்லிலும் முள்ளிலும் குலுங்கும். ஓர் ஈயப் பற்று விட்டால் போச்சு. மேலே போய்ப் பற்றவைக்க ஆளில்லை. இன்னொரு தடவை இறங்கி வர அந்தப் பொண்ணுக்கு நேரமில்லை.

கடையில் 4700இல் ஒரே ஓர் ஐம்பது வோல்ட் கண்டன்சர் இருந்தது. அது எங்களுடையது இல்லை. ரிப்பேர் முடிந்து அலமாரியில் இருந்த ஒரு ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்தது. மைக்செட் வாடகைக்கு விடும் ராஜவேலின் பெட்டி. அவர் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

“அவர் பொட்டிய தொடாத. அவரே மறியல்ல கீறார். வேற வம்பே வேணாம்” என்றார் முதலாளி.

“கேட்டுட்டுத் தொடறேன் சார்.”

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்காமல் எடுத்திருக்கலாம். ராஜவேலுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அவசரமே அனுமதி என்று தோன்றும். அடுத்தவர் கருவி நம் மேசைமேல் இருப்பதாலேயே அது நம்முடைய உதிரிபாகக் கடை ஆகிவிடாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் போனேன். ஊரைத் தாண்டியதும் முதல் மரம். அதன் கிளைகளில் துண்டு காயப்போட்டிருந்தார்கள். நிழலில் ஐம்பது அறுபது பேர். என்னைப் பார்த்ததும் இரண்டு வாலிபர்கள் எழுந்து வந்தார்கள்.

“எங்கம்மா போற?”

“ராஜவேல் அண்ணாவப் பாக்கணும்.”

“நீ யார் வூட்டுப் பொண்ணு?”

அந்த வாரத்தில் அந்தக் கேள்விக்கு ஊர் பேரை மட்டும் சொன்னால் போதாது. எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். “ரேடியோ கடையில ரிப்பேர் பண்றவ. அவர் ஆம்ப்ளிஃபயர் எங்கிட்டதான் கீது” என்றேன். அதற்குள் ராஜவேலே என் குரலைக் கேட்டு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், எப்போதும் கழுத்தில் ஒரு மைக் ஒயர் சுற்றியிருக்கும்.

“இன்னா ஸ்டெல்லா, பொட்டி ரெடியா?”

“ரெடிண்ணா. ஆனா அதுலேர்ந்து ஒரு கண்டன்சர கழட்டிக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

அவர் முகம் மாறியது. “ரெடியான பொட்டியப் பிரிக்கணும்னு கேக்கறியா? சாயங்காலம் கூட்டம் கீது. வெளியூர்லேர்ந்து ஆளுங்க நடந்து வராங்க. மைக் பேசலன்னா என்ன இந்த மரத்தோட சேத்து சாச்சிடுவானுங்க.”

மரத்தடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மலை, பொன்னி, கண் மங்கல், ஜீப், எல்லாம். அப்புறம் என் யோசனையையும் சொன்னேன். “உங்க பொட்டி பெருசுண்ணா. உள்ள எடம் கீது. நாலு சின்ன கண்டன்சர் சேத்துக் கட்டி உங்களுக்குப் போட்டுத் தரேன். அதே வேல செய்யும். ஒருவேள தகராறு பண்ணா நான் இங்கதான் கீறேன், கூட்டத்துக்கே வந்து சரி பண்ணுவேன். மலைல போறதுக்கு ஒண்ணு ஆனா யாரு போவாங்க?”

பக்கத்தில் இருந்த வாலிபர்களில் ஒருவன், “ஒயர்லெஸ்ஸுன்னா போலீஸ் சமாச்சாரம்ணா. நம்பாத” என்றான். ராஜவேல் என்னிடம், “நட, நானும் வரேன். எதிர்லயே மாட்டு. ஃபுல் சவுண்டு வச்சிப் பாப்பேன். ஒரு இரைச்சல் வந்தாலும் எம்பொருள் எனக்கு” என்றார்.

அப்படித்தான் ஒரு பக்கம் ராஜவேல், ஒரு பக்கம் சடையன், பின்னால் முதலாளி என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க வேலை செய்தேன். அவசரப்படவில்லை என்று சொன்னால் பொய். கை அவசரப்பட்டது, நான் விடவில்லை. முதலில் ராஜவேலின் பெட்டியை முடித்தேன். நாலு கண்டன்சர், வோல்டேஜ் சமமாகப் பிரிய இரண்டு ஜோடி ரெசிஸ்டர், ஆடாமல் இருக்கத் தகட்டுப் பட்டி. ராஜவேல் சவுண்டை முழுசாகத் திருப்பி, “ஹலோ, ஹலோ” என்றார். தெருக்கோடி வரை நாய்கள் எழுந்தன. காதை ஸ்பீக்கர் குழாய்மேல் வைத்து இரைச்சல் தேடினார். பிறகு, “சரி” என்றார். அந்த ஒரு சொல்தான்.

அதன் பின் மலைப் பெட்டி. கழற்றிய ஐம்பது வோல்ட் கண்டன்சர் பழைய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பழசின் கசிவு பலகையை அரித்திருந்ததால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வேரியாக்கை இருநூற்று எழுபது வரை ஏற்றி, ஒயர்லெஸ் இழுக்கும் அளவுக்குக் கார் பல்புகளைச் சுமையாகக் கட்டி, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் மிகவும் கஷ்டம். பெட்டி வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. சடையன் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். “எரியுதே, குட்த்துடும்மா” என்றார். இரண்டாம் தடவை சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் சூடேறிய பிறகு பல்லிளிக்கிற பெட்டிகளை நிறையப் பார்த்திருந்தேன். இங்கே பல்லிளித்தால் பத்து நிமிஷத்தில் சரிசெய்வேன்.

“பாதி வழியில உக்காந்து அழறதுக்கு இங்கயே கொஞ்சம் நில்லுங்க” என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டை நிறுத்தி, கண்டன்சரைத் தொட்டுப் பார்த்தேன். கைச்சூடுதான். மூடியைப் பூட்டி அவரிடம் கொடுத்து, “ஆன்ல இருக்கச் சொல்ல மேல துணி போடாதீங்க. செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க. காத்து போவணும்” என்று மூன்று தடவை சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார்.

ராஜவேல் தன் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டத்துக்கு ஆள் வைத்து அனுப்பிவிட்டு, சடையனைத் தன் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார். மரங்கள் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தூக்கித் தாண்டியிருக்கிறார்கள். இரண்டாவது மரத்தில் சாக்கைப் பிரிக்கச் சொல்லி வளைத்துக்கொண்டார்களாம். ராஜவேல், “பிரிச்சிப் பாரு. உள்ள இருக்கற கண்டன்சரு என்னுது. போலீஸுக்கு நான் கண்டன்சர் குடுப்பனா?” என்றிருக்கிறார். விட்டுவிட்டார்கள். மலையடிவாரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கூட்டத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்.

மலையில் என்ன ஆனது என்று எனக்கு ஒன்பது நாள் தெரியவில்லை. ரோடு திறக்கும் வரை ஒரு சேதியும் இல்லை. கடையில் வேறு எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அந்தக் கண்டன்சர் ஞாபகம். அது புதுசு இல்லையே, இரண்டு வருஷம் ஓடியதாயிற்றே, ராஜவேல் அதை எத்தனை வெயிலில் வைத்திருந்தாரோ என்று மனசு போகும். அளந்துதான் போட்டேன். இருந்தாலும் போகும். இந்தப் பயம் உங்களுக்கும் வரட்டும். வந்தால்தான் அடுத்த பெட்டியையும் ஒரு மணி நேரம் ஓடவிடுவீர்கள்.

மரங்களை அகற்றியதும் ஆஸ்பத்திரி ஜீப் மலையேறியது. போகும்போது கடையில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார்கள், கருவியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று. கல்வராயன் மலையை நான் அதுவரை கீழே இருந்துதான் பார்த்திருந்தேன். வழியில் டிரைவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சிஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். வாசலிலேயே சொல்லிவிட்டார். சடையன் மறுநாள் காலையில் வந்து சேர்ந்திருக்கிறார். பெட்டியை மாட்டியதும் டாக்டர் லைனில் கிடைத்துவிட்டார். என்ன ஊசி, எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்லப் போட்டிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்க வழியில்லை என்பதால், மலையின் மேற்கே ஆத்தூர்ப் பக்கம் தூளி கட்டித் தூக்கிப் போகச் சொல்லி, அடிவாரத்தில் ஒரு வண்டியையும் டாக்டரே ஏற்பாடு செய்திருக்கிறார். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கியிருக்கிறார்கள், அதில் சடையனும் ஒருவர். அங்கே பெண் குழந்தை பிறந்தது. ரொம்பச் சின்னது, ஆனால் பால் குடிக்கிறது. தாய்க்கும் கண் பார்வை திரும்பிவிட்டது.

“அன்னிக்கி ராத்திரி கரண்டு ஏறி வார்டுல மிச்சம் இருந்த பல்பும் வெடிச்சிடுச்சு” என்றார் சிஸ்டர். “அந்த நேரம்தான் டாக்டர் வண்டி எங்க நிக்கும்னு சொல்லிட்டு இருந்தார். டார்ச் வச்சிக்கிட்டு எழுதிக்கிட்டோம்.”

நான் கருவி இருந்த அறைக்குப் போனேன். பெட்டி சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஒரு மர ஸ்டூலில் தனியாக இருந்தது. மேலே துணி இல்லை. மூடியைத் திறந்து அளந்தேன். எல்லாம் போட்டபடியே இருந்தது. செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை.

மூடியபோது கருவியில் டாக்டர் கூப்பிட்டார், தினசரி பேசும் நேரம். சிஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்து, “பேசுங்க” என்றார். எத்தனையோ கருவிகளைப் பிரித்துக் கோத்திருக்கிறேன். ஒன்றில்கூடப் பேசியதில்லை. பொத்தானை அழுத்தினேன்.

“கள்ளக்குறிச்சிலேர்ந்து ரேடியோ மெக்கானிக் வந்திருக்கேன் சார். பொட்டியப் பாக்க.”

பொத்தானை விட்டேன். கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் நிதானமான குரல்.

“அன்னைக்கு ராத்திரி நாங்க நாப்பது நிமிஷம் பேசினோம்மா. எனக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல.”

நாற்பது நிமிஷம். மறுபடி பொத்தானை அழுத்தி, “உள்ள இருக்கற கண்டன்சர் மைக்செட் ராஜவேல் அண்ணாவோடது சார்” என்றேன்.